ஏழாம் மேஜை

பலகையில் ‘அசல் இத்தாலி’ என்றுதான் எழுதியது.
கடைசி எழுத்தின் சுழி போன மழையில் உரிந்துபோய்
இப்போது ‘அசல் இத்தால’.
வட்டக்கானல் ரோட்டில் மஞ்சு இறங்கிவிட்டால்
அதுவும் தெரியாது.
பூண்டு வாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள்.

சனி ஞாயிறு மதுரைக் கூட்டம்.
பாஸ்தா வேகவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.
சூசை அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டார்.
இன்னும் ஐந்து நிமிஷம் குழையவிட்டு
மல்லித்தழை தூவி அனுப்புவார்.
தக்காளி சாஸ் பாக்கெட் ஆளுக்கு இரண்டு.
மூன்றாவது கேட்டால் நான் முறைப்பேன்.

அவர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
முழங்கால்வரை சேறு,
அட்டை கடித்த இடத்தில் ரத்தம்.
மெனுவை முன்னிருந்து ஒருதரம்
பின்னிருந்து ஒருதரம் படித்தார்.
வாய்க்குள் சிரித்தார்.
எனக்குச் சுருக்கென்றது.

க்ரீம் வேண்டாம். சீஸ் வேண்டாம்.
சோளம், காளான், குடைமிளகாய்
வேண்டாம் வேண்டாம் என்றே
நோட்டில் ஒரு பக்கம் எழுதினேன்.
“அப்ப என்னதான் வேணுமாம்?”
நூல் பாஸ்தா. பூண்டு. எண்ணெய். காய்ந்த மிளகாய்.
“அட, ராத்திரி கடை சாத்திட்டு
நாம திங்கிறதுல்ல அது!”

பூம்பாறைப் பூண்டு, பல் சிறிசு, காட்டம் பெரிசு.
ஆலிவ் எண்ணெய் புட்டியின் அடியில் ஒரு விரற்கடை.
மீதிக்குக் கடலை எண்ணெய்.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஒரு வாய் சாப்பிட்டு ஃபோர்க்கை வைத்தார்.
கண் கலங்குமா என்று பார்த்தேன்,
சினிமாவில் அப்படித்தான்.
கலங்கியது, ஆனால் மிளகாய்க்கு.
“எங்கள் ஊர் மாதிரி இல்லை” என்றார்.
“எண்ணெய் வேறு. பூண்டு வேறு.”
மூக்கைச் சிந்திவிட்டு
இன்னொரு தட்டு கேட்டார்.

அண்ணன் துண்டில் கை துடைத்தபடி வெளியே வந்தார்,
சண்டைக்கா வணக்கத்துக்கா தெரியவில்லை.
திறந்த கதவு வழியே
சிலிண்டருக்கு மேலே காலண்டர்:
லீலிப்பூ பிடித்த சூசையப்பர்.
அவர் எழுந்து போய்ப் படத்தைத் தொட்டார்,
தன் நெஞ்சைத் தொட்டார்.
“ஜுசெப்பே.”
அண்ணன் படத்தைப் பார்த்தார், நெஞ்சைத் தொட்டார்.
“சூசை.”
நான் சி.எஸ்.ஐ.
எங்கள் கோயிலில் அவர் யோசேப்பு,
படமெல்லாம் கிடையாது.
என்னை யாரும் கேட்கவில்லை.

மார்ச் பத்தொன்பது என்று
இரண்டு பேரும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்,
ஒருவர் கட்டை விரலில் தொடங்கி,
ஒருவர் சுண்டு விரலில் தொடங்கி.
தட்டு ஆறிக்கொண்டிருந்தது.

பில் போட வந்தேன்.
மெனுவில் இல்லாததற்கு மெஷினில் பட்டன் இல்லை.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
‘நூடுல்ஸ் – 2’ என்று அழுத்தினேன்.
அவர் வாசித்தார்.
இந்தத் தரம் வாய்விட்டே சிரித்தார்.
எனக்கு இன்னும் கோபம்தான்.