எண்பத்தெட்டு டெசிபெல்

சாட்சிக் கூண்டில் கேட்டார்கள்:
"அவர் பேச்சு உங்களைப் புண்படுத்தியதா?"
ஆம் என்றேன்.

ஹல் நகரத்துக் கடைவீதியில்
பால்நிறத் தொலைபேசிக் கூண்டுக்கு எதிரே
சாவி வெட்டும் கடை எனக்கு.
ஒன்பது வருடம்.
டெஸ்மண்ட் அகின்யேலே வந்து ஆறு.
கிடங்கில் இரவுக் காவல் முடித்து
நேரே வருவார்.
மடக்கு ஏணியின் இரண்டாம் படி,
அதற்குமேல் ஏறியதில்லை.
கையில் ஈரம் குடித்துப் பருத்த வேதாகமம்.
ஹம்பர் காற்று அவர் வாக்கியத்தைப் பாதியில் முறித்துக்
கடற்காக்கைகளுக்குப் போட்டுவிடும்.
"மனந்திரும்" வரும்,
"புங்கள்" வராது.

ஒரு சனிக்கிழமை
ஜீனெட் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள்.
போகும்போது கன்னத்தில் முத்தமிட்டாள்.
அன்று அவர் எரியும் ஏரியைப் பற்றிப் பேசினார்.
யாருக்கு என்று சொல்லவில்லை.
கண் மட்டும் எங்கள் பக்கம்.
மூன்று சாவியைத் தப்பாக வெட்டினேன்.

புகார் கொடுத்தது நானில்லை,
துணிக்கடை மேலாளர்.
ஊர்வாய்க்கு உலைமூடி தேடி
நகராட்சி ஆள் இருவர் வந்தார்கள்
ஒலிமானியோடு.
அவர் பேசப் பேச எழுபத்தொன்று.
அந்நேரம் பார்த்து ஒருத்தி
கொல்லைக் கதவுக்குச் சாவி கேட்க,
எந்திரத்தை ஓட்டினேன்.
எண்பத்தெட்டு.
என்னை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அவரை இறக்கினார்கள்.
கான்ஸ்டபிள் பிரான்ஸ்பி நல்ல பிள்ளை,
பூட்ஸுக்கு அடி மாற்ற என்னிடம்தான் வருவான்.
"மன்னிக்கணும் சார்" என்றபடி விலங்கு மாட்டினான்.
வேதாகமம் நனைந்த கல்லில் கிடந்தது.
எடுத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
கிடந்தது, எடுத்தேன்.

"மிரட்டினாரா?"
இல்லை.
"வழிமறித்தாரா?"
இல்லை.
"பின்னே என்னதான் செய்தார்?"
பேசினார்.
எனக்குக் கோபம் வந்தது.
வீட்டுக்குப் போய் ஜீனெட்டிடம் சொன்னேன்,
அவளுக்கும் வந்தது.
அவ்வளவுதான் ஐயா நடந்தது.

இருபது வயதில் நாங்கள் இருவரும்
இதே வீதியில் அட்டை தூக்கி நின்றோம்.
அன்றும் ஒருவர் புண்பட்டார்.
அன்றும் ஒரு நல்ல பிள்ளை
மன்னிப்புக் கேட்டபடியே எங்களை வண்டியில் ஏற்றினான்.
வக்கீல் இதைக் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

விடுவித்தார்கள்.

ஜீனெட் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
அது அவள் உரிமை.

திங்களன்று கடைக்கு வந்தார்.
ஒரு சாவிக்கு நகல் வேண்டுமாம்.
கல்லாவுக்குக் கீழிருந்த வேதாகமத்தை நீட்டினேன்.
இன்னும் பருத்திருந்தது.
நன்றி என்று வாயெடுத்தார்,
எந்திரத்தை ஓட்டினேன்.
முழு விலையும் வாங்கிக்கொண்டேன்.
சில்லறையோடு ஒரு துண்டுப் பிரசுரம் வைத்தார்.
அதிலேயே
பித்தளைத் தூளைக் கூட்டி அள்ளிக் கொட்டினேன்.
பார்த்துக்கொண்டு நின்றார்.
ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நிமிடம்.
ஏணி விரியும் கிறீச்சு.
இரண்டாம் படி.
"மனந்திரும்"