இருபத்துநாலு மணித்தியாலச் சலம்

கல்லு ஒரு கௌபி விதையளவுகூட இல்லை.
அதுக்காக அம்பகாமம் காட்டில்
முழங்காலில் நின்றபடி கத்தியிருக்கிறேன்.
ஓடிவந்த யூட் அண்ணை
முதலில் என் கைகளைப் பார்த்தார்,
பிறகு கால்களை.
எல்லாம் இருந்தன.

மூன்றாம் நாள் விழுந்ததைத்
தேத்தண்ணி வடியில் பிடித்து
பனடோல் போத்தலில் போட்டுக்கொண்டு
கிளிநொச்சிக்குப் போனேன்.

ஊரில் எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு: தண்ணி.
எங்கள் குழாய்க்கிணறு
கேத்திலுக்குள் வெள்ளைச் சுவர் கட்டும்,
சுரண்டினால் ஓடு ஓடாய்க் கழரும்.
கௌசியின் அக்கா பாலை நிப்பாட்டச் சொன்னா.
மாமி வாழைத்தண்டோடு வந்தா.

டொக்டர் நிரோஜினி ஒரு கான் தந்தா.
"விடிய ஆறிலிருந்து மறுநாள் ஆறுமட்டும்.
ஒரு சொட்டும் வெளியில போகக்கூடாது."

என் முழு நாளும் கானின் அடியில்,
அறுநூறு மில்லி,
பிளேன்ரீ நிறத்தில்.

"அங்கை தண்ணி இல்லையோ?"
இருக்கு. கூலரில், ஐஸோடு.
"அப்ப?"

அப்ப,
மலசலகூடம் நானூறு மீற்றர் தள்ளி.
வெள்ளைத் தடிகளுக்கு நடுவால் நடந்து
எட்டு ஆம்பிளையள் சாப்பிடுகிற கொட்டிலைக் கடக்க வேணும்.
முகக்கவசம், ஜக்கெற் கழட்டி, போய், வந்து, மாட்ட
அன்றைய சதுரமீற்றர் குறையும்.
அதனால் விடிய அரைக் கோப்பை.
பிறகு இரண்டு மணிமட்டும்
நாக்கை மட்டும் நனைப்பேன்.

அவ கொஞ்ச நேரம் பேனையை உருட்டினா.
'கல்சியம் ஒட்சலேற்று' என்று ஆய்வுகூடம் எழுதியிருந்ததின் கீழே
காரணம்: மலசலகூடம் தூரம்
என்று தமிழில் எழுதிச் சீல் குத்தினா.

பாலை விடாதை. உப்பைக் குறை.
கருவாட்டைக் கண்டால் மற்றப் பக்கம் பார்.
தேசிக்காய் பிழி.
சலம் வெளுக்குமட்டும் குடி.

அந்தத் துண்டை யூட் அண்ணை
வாகனத்துக்குள் இருந்து தனியே வாசித்தார்.
காது சிவந்தது.
பத்தாம் நாள் எங்கள் பக்கத்தில்
நீலத் தறப்பாள், நாலு கம்பு, ஒரு வாளி.
கௌசியும் அன்றைக்குத்தான்
போத்தல் முழுக்கக் குடித்ததைக் கண்டேன்.

இடைவேளையில் டிடெக்டரைக்
கல்லின் மேலே பிடித்துப் பார்த்தோம்.
சத்தமே இல்லை.

"இனி வராதோ?" என்று கேட்டதற்கு
டொக்டர் ஓம் சொல்லவில்லை.
ஆறு மாதத்தில் கானோடு வா என்றா.

துப்புரவாக்கிய நிலத்தையும்
மாரிக்குப் பிறகு ஒருக்காப் பார்க்கிறனாங்கள்தானே.
பத்து மணி. விசில்.
குடிக்கிறேன்.