பதினாலு நாள்

நாய்க்கடி ஊசி போடும் அறைக்கு வெளியே
வாங்கில் இடமில்லை.
வவுணதீவிலிருந்து ஒருவர், குரங்கு கடித்தது.
ஓட்டமாவடிப் பொடியன், கெண்டைக்காலில் தெருநாய்.
நான், சொந்த வீட்டுப் பூனை.
சொல்லும்போது குரல் தானாக இறங்கியது.
குரங்குக்காரர் தள்ளியிருந்து இடம் தந்தார்,
இரக்கமா சிரிப்பா, தெரியவில்லை.

"பேர்?"
எனக்கா, பூனைக்கா?
"உங்கட."
யோகமலர். பூனைக்குக் கொச்சிக்கா.
தாதி நிமிர்ந்து பார்த்தா.
"சீண்டினதா, சீண்டாமலா?"
சீண்டேல்ல மிஸ், தடவிக்கொண்டுதான் இருந்தன்.
சீண்டாமல் என்ற கட்டத்தில் சரி விழுந்தது.
மறுகா சொன்னா:
"பூனையப் பதினாலு நாள் கவனமாப் பாருங்க."

மூன்று வருஷம் ஒரே வீடு, ஒரே பாய்.
பார்க்கச் சொல்லி எவரும் சொன்னதில்லை.

முதல் நாள் கோபத்தோடு பார்த்தேன்.
அது திரளி முள்ளை மென்றுகொண்டிருந்தது,
நேற்று என் மணிக்கட்டை எடுத்த அதே வாயால்,
ஒன்றும் நடவாத நிதானத்தோடு.

மூன்றாம் நாள்
மதிலில் சாம்பல் கடுவன் வந்து நின்றது.
யன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் கொச்சிக்கா
போத்தல் கழுவும் புருசாக விறைத்தது.
கடுவன் போய்விட்டது. விறைப்புப் போகவில்லை.
திரும்பிப் பார்த்தது, பக்கத்தில் யார் என்று.
விளக்குமாறு இருந்தது.
ஈர்க்கில் ஈர்க்கிலாகப் பிய்த்தது.
வங்கியில் ஏச்சு வாங்கிய மாலைகளில்
எங்கள் வீட்டுச் சட்டிகளுக்கும் இது தெரியும்.

ஐந்தாம் நாள், எண்ணிக்கொண்டு தடவினேன்.
ஆறுவரை கண் மூடியிருந்தது.
ஏழில் வால்நுனி பாயைத் தட்டியது.
ஒன்பதில் முதுகுத்தோல்
கல்லடிப் பாலத்துக்குக் கீழே
காற்றுத் தொட்ட வாவிபோல ஓடி நின்றது.
பதினொன்றில் காது பின்னால் மடிந்தது.
பன்னிரண்டை நான் செய்யவில்லை.
அது என்னைப் பார்த்தது,
முதன்முதலாக மறுமொழி கிடைத்த ஆள் மாதிரி.

கடித்த இரவில் எத்தனை தடவினேன்?
லண்டனிலிருந்து அக்கா. காணி உறுதி விஷயம்.
ஒரு மணித்தியாலம் பதினேழு நிமிஷம்
என்கிறது போன்.
கையின் கணக்கு அதில் இல்லை.

எட்டாம் நாள் இடுப்பருகே விரல் பட்டதும்
உடம்பு முழுக்கத் துள்ளியது.
மயிருக்குள்ளே ஐந்து ரூபாக் குத்தியளவு வீக்கம்.
கூடையில் வைத்து, ஓட்டோவில், அழஅழ.
"கடுவன்ர பல்லு. உள்ள சீழ்" என்றார் மிருக வைத்தியர்.
"நோவ ஒளிக்கும் அம்மா. ஏலாக் கட்டத்திலதான் காட்டும்."

அப்போ எது காரணம்?
மதிலா, பன்னிரண்டா, சீழா?
பள்ளிக்கூடத்து வினாத்தாள் என்றால்
ஒன்றின் கீழ்தான் கோடு போட விடுவார்கள்.
நான் படுத்துக்கிடந்து யோசித்தேன்.
"சரி, கதைய விடு, கையெழுத்தப் போடு"
என்று அக்கா சொன்ன அந்த இடத்தில்
நான் "ம்" என்றேன்.
வாய்தான் அப்படிச் சொன்னது.
கை இறுகியது.
இறுகிய கைக்குள் கொச்சிக்காவின் இடுப்பு இருந்தது.

பதினாலாம் நாள்.
"பூனை இருக்கா?"
இருக்கு மிஸ்.
"சாப்பிடுதா?"
என்னை விட.
"அப்ப பயமில்ல."
மிஸ், அந்தக் கட்டத்த மாத்தேலுமா?
சீண்டினது எண்டு.
"பேனையால எழுதியாச்சு அக்கா. அடுத்த ஆள்!"

இன்று பொழுதுபட்டபின் போன் அடித்தது.
மற்றக் கையை மடியில் சும்மா விட்டிருந்தேன்.
கொச்சிக்கா வந்தது,
விரல் ஒவ்வொன்றாய் மணந்தது,
நெற்றியால் ஒரு தரம் உரசியது,
போய் யன்னலில் ஏறிக்கொண்டது.
அக்கா கதைத்துக்கொண்டே இருந்தாள்.
வக்கீல் பேர், திகதி, முத்திரைச் செலவு.
குனிந்து பார்த்தேன்.
என் வலது கால் பெருவிரல்
சிமெந்துத் தரையைத்
தட்டிக்கொண்டிருந்தது.