பதினான்குக்கும் பதினேழுக்கும் நடுவே

ஒரு சுத்தியல், ஒரு ஸ்பேனர், சுருட்டிய இரண்டு கொடிகள்.
மாரண்டஅள்ளியிலிருந்து தெற்கே ஆறு கிலோமீட்டர்
நடந்து போய்த் திரும்புவது என் வேலை.
தளர்ந்த கிளிப்பைத் தட்டி உட்காரவைப்பேன்.
வேலி என் பொறுப்பில்லை.
கண்ணில் பட்டால் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகஸ்டில் எழுதினேன்:
தூண் பதினான்கு முதல் பதினேழு வரை கம்பி இல்லை.
தக்காளி ஏற்ற வந்த வண்டி ரிவர்ஸில் பதினைந்தை இடித்தது.
பதினாறு யாரும் தொடாமலே சாய்ந்தது.
செப்டம்பரிலும் எழுதினேன்.
மழையில் நோட்டு ஊறிப்போக,
மூன்றாம் முறை பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு
அழுத்தி எழுதினேன்.

இருசம்மாளின் செம்மறிகள் பதினொன்று
விடிவதற்கு முன்னால் சரக்கு வண்டியில் அடிபட்டன.
முதலில் தாண்டிய கிடா
அந்தப் பக்கம் கொள்ளுச்செடி மேய்ந்துகொண்டிருந்தது.
அதை நம்பிப் பின்னால் போனவைதான் எல்லாம்.
டிரைவர் குறித்தது ஒரே வரி:
சி.ஆர்.ஓ., ஏழு நிமிடம் தாமதம்.

பாலக்கோட்டுக் கறிக்கடைக்காரன்
ஒட்டுமொத்தமாக ஒரு விலை சொன்னான்.
அவள் காதுகளை மட்டும் அறுத்தெடுத்தாள்.
மஞ்சள் வில்லை மாட்டிய காது நான்கு, மாட்டாதது ஏழு.
உப்புப் போட்டுப் பால் கவரில் கட்டி
ஸ்டேஷன் மேசைமேல் வைத்தாள்.

"நஷ்டஈடா? லைனில் ஆடு விட்டதற்கு
உன்மேல்தான் கேஸ்.
ஏழு நிமிஷத்துக்கும் நீதான் பதில் சொல்லணும்."
"வேலி யாருதுங்க?"
"ரயில்வேயுது."
"வேலி உங்களுது, சந்து மட்டும் என்னுதா?"

அவர் கவரைத் தள்ளிவைத்தார்,
ஸ்கேலின் நுனியால்.

மதியத்துக்குள் மூன்று புதுத் தூண்கள் முளைத்துவிட்டன.
சிமெண்ட் ஈரத்தில் ஒரு கோழி நடந்து போயிருந்தது.
இன்ஜினியர் தாளை நீட்டினார்:
சம்பவத்தின்போது வேலி நல்ல நிலையில் இருந்தது.
கீழே மூன்று கையெழுத்து.
நான்காவதற்கு இடம் விட்டிருந்தார்கள்.
"நோட்டை ஆபீஸில் ஒப்படைச்சிடு" என்றார்,
டீ குடிச்சியா என்று கேட்கிற குரலில்.
வீட்டில் இருக்கிறது என்றேன்.
சட்டைக்குள் வயிற்றில் உறுத்திக்கொண்டிருந்தது.

சாயங்காலம் இருசம்மாள் வந்தாள்.
சாட்சி சொல்ல வருவாயா என்று கேட்க
வாய் திறந்தவள்
என் கொல்லைப்புறத்தைப் பார்த்தாள்.
முருங்கைக்கும் குழாய்க் கம்பத்துக்கும் குறுக்கே
இரட்டை முறுக்குக் கம்பி.
அதில் என் மகளின் யூனிபாரம்,
என் ஆரஞ்சுச் சட்டை, ஒரு போர்வை.
கம்பியின் கடைசியில்
வேலியில் ஓணானை விரட்ட யாரோ கட்டிய
சிவப்புத் துணிக்கிழிசல்.
அதை அவிழ்க்க வேண்டும் என்று
எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

கீழே கிடந்தது, எடுத்தேன்.
சொல்லியிருக்கலாம்.
கிடந்தது நிஜம். எடுத்ததும் நிஜம்.
கிடந்த கம்பியைத் திரும்பக் கட்ட
எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்?
ஏழுகூட ஆகாது.

"துணி காய்ஞ்சிடுச்சு போல" என்றாள்.
எதையும் கேட்காமல் போய்விட்டாள்.

இரவெல்லாம் தாள் மேசைமேல்,
நோட்டு அதன்மேல்.
மூன்று தரம் எழுதியவன் நான்.
கம்பி இல்லை, கம்பி இல்லை, கம்பி இல்லை.
எங்கே போனது என்பதை மூன்று தரமும் எழுதாதவனும் நான்.

காலையில் துணிகளை உருவினேன்.
கம்பியைச் சுருட்டித் தோளில் மாட்டினேன்.
துரு சட்டையில் வளையமாகப் படிந்தது.
ஸ்டேஷனுக்கு இரண்டு கிலோமீட்டர்.
வழியில் புது வேலியின் முன்னால்
அந்தக் கிடா நின்றிருந்தது,
நேற்றுவரை வழி இருந்த இடத்துக்கு நேராக.

நோட்டில் நான்காவது பதிவு:
தூண் பதினான்கு முதல் பதினேழு வரை உள்ள கம்பியில்
இருபது அடி என் வீட்டில் இருந்தது.
மீதி எங்கே என்று தெரியாது.
ஆகஸ்ட் முதல் வேலி இல்லை.
கையெழுத்து, தேதி, கீமேன்.

இன்ஜினியர் இரண்டு தரம் படித்தார்.
"உனக்கு மெமோ வரும். தெரியுமில்ல?"
"தெரியும்."
"அவளுக்கு இதனால் பணம் வரும்னு நினைக்கிறியா?"
அது எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் என் மனைவி
ஈர யூனிபாரத்தை ஆவாரம்புதர்மேல் விரித்திருந்தாள்.
வெள்ளைக் காலரில் மஞ்சள் ஒட்டியிருந்தது.
"கம்பி எங்கே?" என்றாள்.