நாலாவது பாட்டு

வெய்க்கோ ரவுத்தியோலாவுக்கு எழுபத்தொன்று.
குழு இல்லாமல் அவன் போடும் முதல் ஆல்பம்.
தம்பெரே, சூப்பர் மார்க்கெட் வாசல், மைனஸ் பதினெட்டு.
வீடுவரை பொறுக்கவில்லை.
கார் சாவியாலேயே உறையைக் கிழித்தேன்.

முதல் பாட்டில் டிரம்ஸ் இதோ வரும், இதோ வரும் என்று
ஸ்டியரிங்கில் விரல் வைத்துக் காத்திருந்தேன்.
பாட்டே முடிந்துவிட்டது.

இரண்டாவது பரவாயில்லை.
மூன்றாவது, அவன் முழங்கால் ஆபரேஷன் பற்றி.
நிஜமாகவே. டாக்டர் பெயர்கூட வருகிறது.
தள்ளிவிட்டேன்.

நாலாவதில் ஏறுகிறான் அந்தப் பழைய உச்சிக்கு.
எண்பத்துநாலில்
ஐஸ் ஹாக்கி அரங்கின் கூரையை எங்கள் தலையில் இறக்கினானே,
அதே இடம்.
பாதிப் படியில் நிற்கிறான்.
ஏதோ சத்தம்.
ஹீட்டரை அணைத்துவிட்டுக் கேட்டேன்:
மூச்சு வாங்குகிறது.
இதைக்கூட வெட்டாமல்
பதிவு செய்தவன் தூங்கிவிட்டானா?

மீதி வரியைப்
பால் தீர்ந்துவிட்டது என்பதுபோல்
சும்மா சொல்லி முடித்தான்.

வைப்பரைப் போட்டேன்.
பனி கண்ணாடியின் உள்பக்கம்.

ஒஸ்மோ போனில்:
"எப்படி இருக்கு?"
மோசம் என்றேன்.
கிடார் சவசவ. ஏழாவதில் நாய் குரைக்குதாம், உறையில் போட்டிருக்கு,
நன்றிப் பட்டியலில் நாயின் பெயரும்.
"அப்ப சீக்கிரம் வா துய்ரே, பட்டாணி உருகிடும்."

உருகாது என்றேன்.
கையுறையை மாட்டிக்கொண்டு
நாலாவதைத்
திரும்பப் போட்டேன்.