கசிவு

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ்.
பதினேழாவது வால்வும் கசிந்தது.
யார் கெடுத்தது என்று கேட்க
வாயெடுத்தார் முதலாளி.
கடைசி மாரிக்குப்பம் ரயிலைத் தவறவிட்ட
சகாயமேரி
அதற்குள் தரையில் குந்திச்
சொட்டுகளை எண்ணத் தொடங்கியிருந்தாள்.

நிமிடத்துக்கு நாற்பது.
போன வாரம் அறுபத்திரண்டு.

சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்தார்.
பித்தளை, நல்ல விலை போகும் என்றார்.
அந்தப் பதினேழைத் தவிர
எல்லாவற்றையும் எடைக்குப் போட்டாள்.
ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவில்
தேதி, சொட்டு, ஒரு சந்தேகம்.
ஒன்பதாவதில் மட்டும்:
'பசி. சரியாகப் பார்க்கவில்லை.'

பதினெட்டாவது கசியவில்லை.
நாங்கள் கைதட்டினோம்.
முதலாளி மைசூர்பாக்குக்கு ஆளனுப்பினார்.
அவள் காய்ந்த தரையைத்
தடவிப் பார்த்துவிட்டு,
எண்ண ஒன்றுமில்லாத முகத்தோடு
கேட்டாள்:
இது ஏன் கசியவில்லை?