நடுநிலைப் படம்

நூறு மில்லிமீட்டர் கோடு.
இடது முனையில் 'துளியும் இல்லை',
வலது முனையில் 'தாங்கவே முடியாது'.
இந்த நொடி எங்கே நிற்கிறீர்களோ
அங்கே குறுக்கே ஒரு கீறல் போடுங்கள்.
அளப்பது என் வேலை, பிளாஸ்டிக் அடிக்கோலால்.

நார்வாவில் ஆற்றுக்கு அக்கரை வேறு நாடு.
ஜன்னலில் மெத்தடோனைக் குடித்துவிட்டு
காகிதக் குவளையைக் கசக்கியபடி வருவார்
கெனாடி லப்ஷின்.
எழுபத்தொன்று. அறுபத்துநான்கு.
ஒரு வாரம் திடீரென்று பன்னிரண்டு.
"மகள் போன் செய்தாள்" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"இல்லை. செய்யவில்லை.
பேனா அங்கே நின்றுவிட்டது."

"எந்த நொடியைச் சொல்கிறாய்?
நீ கேட்பதற்கு முந்தியதா, பிந்தியதா?"
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ரஷ்ய மொழியில் இதன் பெயர் த்யாகா.
புகைபோக்கி காற்றை மேலே இழுக்கிறதே,
அதற்கும் அதே சொல்தான்.
அடுப்பு அணைந்த பிறகும் இழுக்குமா என்றேன்.
"குழாய் இருக்கும்வரை."

மார்ச்சில் படங்கள் காட்டினோம்.
விரல் நுனியில் நாடி பார்க்கும் கிளிப்.
கரண்டி, ஊசி, சுருட்டிய வெள்ளித்தாள்:
திரையில் கோடு சோம்பலாக ஊர்ந்தது.
"யார் வீட்டுக் கரண்டி இது?
என்னுடையதில் காம்போடு ஒரு பூ இருக்கும்."

ஒப்பிட்டுப் பார்க்க, இடையிடையே
யாரையும் எதுவும் செய்யாத படங்கள்.
நாற்காலி.
தபால்பெட்டி.
லிஃப்டுக்குள் ஒன்பது பொத்தான்கள்,
ஏழாவது மட்டும்
எவனோ தீக்குச்சி வைத்துக் கருக்கியது.

நாடி எகிறியது.
எச்சிலை விழுங்கினார். மறுபடியும் விழுங்கினார்.
படிவத்தை நீட்டினேன்.
பேனா வலது முனையைக் கடந்தது,
தாளைக் கடந்தது,
மேசை மரத்தில் ஒரு விரல்நீளம் ஓடி நின்றது.

மேசையை அளக்க விதி இல்லை.
நூறு என்று எழுதினேன்.

அந்தப் படம் நான் எடுத்தது.
எங்கள் கட்டடத்து லிஃப்ட்;
ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் பால் பையோடு.
வேறெதுவும் தோன்றாததால் எடுத்தேன்.
பதினொரு வருடம் அந்தக் கருகலைத் தாண்டி
ஒன்பதை அழுத்தியிருக்கிறேன்.

அன்று படியேறிப் போனேன்.
ஏழாம் மாடியில் மூன்று கதவுகள்.
ஒன்றின் அடியில் வெளிச்சம்,
வெங்காயம் வதங்கும் வாசனை,
உள்ளே யாரோ சிரிக்கிறார்கள்.

மூச்சு வாங்கியது. படிகள்தான் காரணம் என்று
சொல்லிக்கொண்டேன்.
மேசையில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது.
அதன்மேல்தான் குவளையை வைக்கிறேன்.